ஆயுத பூஜைக்குள் ஓட வேண்டிய இசட்-80

2024 ஏப்ரல் 15 என்று தேதியிட்ட ஓர் அறிவிப்பை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இசட்-80 என்ற புராசசரைத் தயாரித்துவந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியது அது. சில்லுகளைச் செய்துகொடுக்கும் ஆலை அந்த வேலையை நிறுத்தப்போகிறது, ஆகவே கடைசி ஆர்டர்களை ஜூன் 14 வரைதான் ஏற்போம் என்பது அதன் சாரம். 1976 ஜூலையில் விற்பனைக்கு வந்த சில்லு. ஒரு மின்னணுப் பொருள் நாற்பத்தெட்டு ஆண்டுகள் தொடர்ந்து விற்பனையில் இருந்ததாக வேறு எதையும் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. அதைப் படித்த உடனே நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி நடத்தும் என் தம்பிக்குப் போன் செய்தேன்.

"அப்பா வாங்குன கம்ப்யூட்டர் குடோன்ல இருக்குதா தம்பி?"

"இருக்குமுங்கக்கா. நூல் கோன் பெட்டிக்கு அடியில எங்காச்சும் கிடக்கும். ஏனுங்க, யாராச்சும் வெலைக்குக் கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. அந்த எந்திரத்தின் உள்ளே இருப்பது இசட்-80. அது இன்னும் ஓடுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. அவிநாசிப் பக்கம் சேவூரில் இருக்கிறேன். கணினிகளின் வரலாற்றைத் தேதிவாரியாகக் குறித்துவைப்பது என் பொழுதுபோக்கு. பலரும் கணினி வரலாற்றைப் பெரிய அறைகளில் நின்ற ராட்சத எந்திரங்களிலிருந்து தொடங்குவார்கள். வீட்டுக் கணினியின் வரலாறு என்னைப் பொறுத்தவரை இரண்டு சில்லுகளின் கதை. 1975இல் வந்த 6502 இருபத்தைந்து டாலருக்கு விற்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 8080 அறிமுகமானபோது அதைப் போலப் பல மடங்கு விலை. பள்ளிகளில் கணினி கற்பிக்க எண்பதுகளின் நடுவில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பிரிட்டிஷ் எந்திரங்களில் இருந்தது அந்த 6502 தான். இரண்டாவது சில்லு இசட்-80. 8080ஐ உருவாக்கியவர்களில் சிலர் வெளியே வந்து செய்தது. பழைய சில்லுக்கு எழுதிய நிரல்கள் இதிலும் ஓடின. 8080க்கு மூன்று வகை மின்னழுத்தம் கொடுக்க வேண்டும், இசட்-80க்கு ஐந்து வோல்ட் மட்டும் போதும். நினைவகச் சில்லுகள் தகவலை மறந்துவிடாமல் அடிக்கடி தட்டி எழுப்பும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இதனால் கணினிக்குள் வைக்க வேண்டிய மற்ற பாகங்கள் குறைந்தன, விலையும் இறங்கியது.

1982இல் பிரிட்டனில் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற கணினி இசட்-80ஆல் ஓடியது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். ரப்பர் விசைகள். திரை கிடையாது, வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். நிரல்களை ஆடியோ கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். எண்பதுகளின் கடைசியில் அப்பா ஒன்றை வாங்கிவந்தார். கோவையில் யாரோ ஒரு ஏஜென்ட், கம்ப்யூட்டர் இல்லாத கம்பெனிக்கு இனிமேல் ஆர்டர் வராது என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை அப்படியே நம்பினார். கல்லூரியில் கணக்கு படித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த என்னிடம் பெட்டியைக் கொடுத்து, "என்ன பண்ணுவியோ தெரியாது கண்ணு, இது நமக்குச் சோறு போடோணும்" என்றார்.

கூடவே வந்த கையேட்டை வைத்துக்கொண்டு ஒரு நிரல் எழுதினேன். என்ன சைஸ், எத்தனை டசன் என்று கேட்கும். எத்தனை கிலோ நூல் வாங்க வேண்டும் என்று சொல்லும். கழிவுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் அப்பா நூலை எப்போதும் கூடுதலாக வாங்கிக் குவிப்பார், அல்லது பாதியில் நூல் தீர்ந்து நிட்டிங் மெஷின்கள் சும்மா நிற்கும். ஒவ்வொரு காலையும் கேசட்டிலிருந்து நிரலை ஏற்ற வேண்டும். டேப் ரெக்கார்டர் கீச்சென்று கத்தும்போது டிவியின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடும். அப்பா அந்தச் சத்தம் முடியும்வரை கதவருகிலேயே நிற்பார். பிறகு பெரிய கணினிகள் வந்தன. எனக்கும் கல்யாணம் ஆனது. ஸ்பெக்ட்ரம் குடோனுக்குப் போனது.

நான் போன் செய்தது ஏப்ரலில். அந்த ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் 11. இடையில் தம்பி தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டான். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முன்னால் ஓடாத எந்திரம் எதுவும் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது. ஓடுகிறவற்றைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். ஓடாதவை பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறும். அப்பா தொடங்கிய பழக்கம், தம்பி அதை ஒரு நூல்கூடத் தளர்த்தியதில்லை.

"நான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

"எதுக்குங்க? ஷோகேஸ்ல பொம்மையாட்ட வைக்கறதுக்கா? அப்பா வாங்குன மெஷினுங்கக்கா. ஓடுனா இங்கயே ஆபீஸ்ல இருக்கட்டும், நானே பொட்டு வைக்கறேன். ஓடலீன்னா வண்டியில ஏத்திருவேன். இரும்புக்காரர்கிட்ட எல்லாத்தையும் ஒட்டுக்கா ஒரே லாட்டாப் பேசியாச்சு."

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்ததும் தெரிந்தது. எனக்கும் பொம்மை வேண்டாம். எங்கள் கம்பெனிக்கு நூல் கணக்கு போட்ட எந்திரம் அது, கம்பெனியிலேயே ஓடிக்கொண்டு இருக்க வேண்டும். "ஓட்டிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

பழைய பெட்டி டிவி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தம்பியின் ஆபீஸ் மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். திரை முழுக்க மேலிருந்து கீழாகக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். நடுநடுவே நீலம்.

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, இது எந்த ஃபாரின் பையர் ஆர்டருங்க? ஸ்ட்ரைப்ஸ் நல்லா வந்திருக்குதே!"

"சித்த சும்மா இரு."

"இல்லீங்க, நீலத்துல மட்டும் கொஞ்சம் ஷேடு வித்தியாசம் இருக்குது. பையர் பாஸ் பண்ண மாட்டான்."

எந்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, தையல் மெஷின் மோட்டார்களின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுதுபார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூடியைக் கழற்றியதும் பனியன் பஞ்சு ஒரு மெத்தையாக எழுந்து வந்தது.

"என்னக்கா, இத எங்கெருந்து தோண்டி எடுத்திய?" என்றார். பட்டைகளைப் பார்த்தவுடன் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "மூள செத்துட்டுக்கா. புராசசர் போயிருக்கும். கெடைக்கும்போதே ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்."

யாரைக் கேட்டாலும் கணினி ஓடாவிட்டால் முதலில் புராசசரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. போர்டில் வரும் மின்னழுத்தங்களை அளந்து சொல்லச் சொன்னேன். ஐந்து வோல்ட் இருந்தது. பன்னிரண்டு இருந்தது. மைனஸ் ஐந்து வர வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. இசட்-80க்கு ஐந்து வோல்ட் மட்டுமே தேவை என்பதால் மைனஸ் ஐந்து இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு கேடும் வராது. ஆனால் அந்தக் காலத்து நினைவகச் சில்லுகளுக்கு மூன்று மின்னழுத்தமும் வேண்டும். மைனஸ் ஐந்து நின்றுபோனால் அவை சூடாகி இறந்துவிடும்.

"அப்ப மூள நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதிய. ஞாபகந்தான் போச்சு" என்றார்.

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"எங்க மாமனாருக்கும் இப்ப அதே கேசுதான்க்கா. ஐசி கெடைச்சா சொல்லுங்க, அவருக்கும் ஒண்ணு."

நினைவகச் சில்லுகளை டெல்லியில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் கடையிலிருந்து தருவித்தேன். வந்தவற்றில் சில செத்தவை. மறுபடி எழுதினேன், மறுபடி வந்தன. மைனஸ் ஐந்தை உண்டாக்கும் சிறிய டிரான்சிஸ்டரையும் மாற்றினோம். கடைக்காரருக்குச் சீசன் நேரம், கம்பெனிகளிலிருந்து மோட்டார் போர்டுகள் குவிந்துகிடந்தன. என் வேலையை இடையிடையே செய்தார். சேவூரிலிருந்து பஸ் பிடித்து நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நான் உட்கார்ந்திருந்தால் மட்டுமே வேலை நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. செப்டம்பரில் ஒருநாள் பட்டைகள் மறைந்தன. வெளுத்த திரையின் அடியில் பதிப்புரிமை அறிவிப்பு ஒரு வரியாக வந்து நின்றது. 1982 என்ற ஆண்டும் அதில் இருந்தது. இசட்-80 முதலில் இருந்ததேதான், அதை யாரும் தொடவில்லை.

தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"எழுத்து வந்தா ஓடுதுன்னு ஆயிருமுங்களா? டேபிள் ஃபேன்ல லைட் எரியுதுன்னா காத்து வருதுன்னு அர்த்தமா?" என்றான். "நூல் கணக்கு போடட்டும். இப்ப ஓடற ஆர்டரையே குடுக்கறேன். சரியா சொன்னா ஒத்துக்கறேன்."

கேசட்டைப் போட்டேன். கீச்சென்ற சத்தம் வந்தது. பிறகு நாடாவை ஏற்றுவதில் பிழை என்று திரை சொல்லிவிட்டது. ரெக்கார்டரின் தலையைத் துடைத்துப் பார்த்தேன், ஒலியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருப்பது தெரிந்தது. அப்பா கேட்ட அந்த நிரல் போய்விட்டது. சரி, மறுபடி எழுதினால் ஆயிற்று. சின்ன நிரல்தானே. பூஜைக்கு முந்தின நாள் காலையில் வந்து விசைகளில் அடித்துவிடுகிறேன் என்று சொல்லி, எந்திரத்தை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

அக்டோபர் 10, வியாழக்கிழமை. கம்பெனி முழுக்கக் கழுவல் நடந்துகொண்டிருந்தது. கம்ப்ரசர் காற்றால் மெஷின்களின் பஞ்சை ஊதிக்கொண்டிருந்தார்கள். இங்கே எதைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றாலும் முதலில் காற்று, அதற்கும் போகாவிட்டால் ஸ்டெயின் கன். துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் அதன்மேல் கரைப்பானைப் பீச்சி எடுக்கும் துப்பாக்கி அது. செக்கிங் பிரிவில் எப்போதும் கையிலேயே இருக்கும்.

செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்வது தம்பியின் மனைவி. கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"நங்கை, வாங்க வாங்க! உங்க கம்ப்யூட்டர நானே சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். அந்தக் கீயெல்லாம் எத்தன வருசத்து அழுக்குங்க! காத்துக்கும் போகலீங்க, சோப்புக்கும் போகலீங்க. கன் எடுத்து ஒரே அடி. பாருங்க, எப்படி பளபளன்னு!"

பார்த்தேன். ரப்பர் விசைகள் மழித்த தலைபோலச் சுத்தமாக இருந்தன. ஓர் எழுத்துகூட இல்லை. விசைகளுக்கு மேலும் கீழும் அச்சிட்டிருந்த சொற்களும் போய்விட்டன. கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் வெளிறிப்போயிருந்தது.

ஸ்பெக்ட்ரத்தைத் தெரியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விபத்து என்று புரியாது. அதில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. ஒவ்வொரு விசைக்கும் ஒரு முழுச் சொல் சொந்தம். ஒரே விசை நேரத்துக்குத் தக்கபடி எழுத்தையும் கட்டளையையும் குறியையும் கொடுக்கும். எது எங்கே என்று விசையில் அச்சிட்டிருந்ததே வழிகாட்டி.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஏனுங்க நங்கை, தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"அதுல எழுத்து இருந்துச்சு அம்மிணி."

"ஐயோ, அது கறைன்னு நெனச்சேனுங்க. பாதி தேஞ்சு போயி அங்கங்க செவப்பா ஒட்டீட்டு இருந்துச்சு."

அவளைத் திட்ட எனக்கு நேரமில்லை. உட்கார்ந்து மின்சாரம் கொடுத்தேன். வெள்ளைத் திரை வந்தது. கரைப்பான் உள்ளே இறங்கவில்லை என்ற மட்டில் நிம்மதி. விரல்களை வைத்தேன். ஆங்கிலத் தட்டச்சின் வரிசைதான் என்பதால் எழுத்துகள் கைக்கு வந்தன. மதிப்பைக் கேட்கும் கட்டளை ஐ விசையில், திரையில் காட்டும் கட்டளை பி (P) விசையில் என்பதும் வந்துவிட்டது. பெருக்கல் குறி எங்கே? அதில்லாமல் நூல் கணக்கு இல்லை. தோன்றிய விசைகளை அழுத்திப் பார்த்தேன். அரைப்புள்ளி வந்தது, கேள்விக்குறி வந்தது, பெருக்கல் வரவில்லை.

"நங்கை, இதோட படம் போன்ல இருக்காதுங்களா?" என்றாள் பின்னால் நின்றவள்.

இருந்தது. இத்தனை மாதம் அந்த விசைப்பலகையின் படங்களை அதே போனில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பெருக்கல் கீழ்வரிசையில் உள்ள இன்னொரு பி-யில், அதாவது பனியனின் முதல் ஆங்கில எழுத்தான B விசையில் இருந்தது. வகுத்தல் அதற்கு இடப்பக்கம். அவள் செக்கிங் மேசையிலிருந்து ஒரு கட்டு ஸ்டிக்கர் கொண்டுவந்தாள். துணியில் ஓட்டையோ கறையோ இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறிகள். நான் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதி விசைகளின் மேல் ஒட்டினாள்.

தம்பி வந்து பார்த்தபோது விசைப்பலகை முழுக்க அம்புக்குறிகள்.

"என்னங்கக்கா, மொத்தப் பீசும் ரிஜெக்ட்டா?"

"உங்க வேலையப் பாருங்க" என்றாள் அவன் மனைவி. "நங்கைக்கு டென்ஷன்."

"டென்ஷன் யாருனாலன்னு கேட்டேன்னா ஊட்டுல சோறு கிடைக்காது. நான் கேக்கலீங்க."

நான் அடித்துக்கொண்டே போனேன். ஒரு வரி தவறினால் எந்திரம் அதை ஏற்காது, கேள்விக்குறியைக் காட்டிக்கொண்டு நிற்கும். திருத்தினேன். அப்பா காலத்து நிரலை அப்படியே நினைவிலிருந்து எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பழைய வரிகள் எனக்கு நினைவில்லை. புதிதாகவே எழுதினேன், கணக்கு மட்டும் அதே கணக்கு.

"சரி, ஆர்டரைச் சொல்லு" என்றேன்.

சைஸைச் சொன்னான், டசனைச் சொன்னான். திரையில் கிலோ வந்தது. தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்ததைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"கூடுதலாக் காட்டுதுங்கக்கா. இவ்வளவு நூல் நான் வாங்குனா கம்பெனியப் பூட்டீட்டுப் போயிரலாம்."

"கழிவுக்கு எவ்வளவு சேர்க்கிறே?"

சொன்னான். அப்பா காலத்து மெஷின்களுக்குச் சேர்த்த கழிவை நான் போட்டிருந்தேன். இப்போதைய மெஷின்களில் அவ்வளவு கழிவு போவதில்லை. அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி அடித்துவிட்டு மீண்டும் ஓட்டினேன். இரண்டு திரைகளிலும் ஒரே எண்.

தம்பி விடவில்லை. இன்னொரு சைஸ் கொடுத்தான். சரியாக வந்தது. இன்னொன்று கொடுத்தான். பிறகு வாசலுக்குப் போய், பழைய இரும்பு வண்டிக்காரரிடம், "ஆபீஸ்ல ஒண்ணும் இல்லீங்க, குடோன்ல இருக்கறத மட்டும் ஏத்திக்குங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாள் பூஜை. ஈரச் சந்தனத்தை விசைகளின் மேலேயே வைக்கப் போன தம்பி மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தி, டிவியின் நெற்றியில் வைக்கச் சொன்னேன். எந்திரத்தை அணைக்க வேண்டாம் என்று தம்பி சொன்னான். கேசட் இல்லாததால் அணைத்தால் நிரல் போய்விடும், பூஜை முடியும்வரை ஓடட்டும் என்றான். புதுக் கேசட் ஒன்று வாங்கிப் பதிய வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினின் பக்கவாட்டிலும் அது வாங்கிய ஆண்டைப் பெயின்டால் எழுதுவார்கள். தம்பி தூரிகையோடு வந்து, "எந்த வருசமுங்கக்கா?" என்றான்.

"எண்பத்தெட்டு."

"இல்லீங்க, எண்பத்தொம்பது. நான் அப்பத்தான் வண்டி ஓட்டப் பழகுனேன். கோயமுத்தூருக்கு நாந்தான் அப்பாவக் கூட்டிட்டுப் போனேன்."

"வண்டி நீ அதுக்கு முந்தியே ஓட்டுனே. அப்பாவுக்குத்தான் தெரியாது."

வாங்கிய பில் எங்களிடம் இல்லை. அப்பாவும் இல்லை. போர்டில் உள்ள சில்லுகளின் முதுகில் அவை செய்யப்பட்ட ஆண்டும் வாரமும் எண்களாக இருக்கும். நாங்கள் மாற்றியவை போக, மீதியில் பிந்தையது 1984இன் நடுப்பகுதியைக் காட்டுகிறது. அதற்கு முன் வாங்கியிருக்க முடியாது என்று அதிலிருந்து தெரிகிறது. அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. 1988 என்று எழுதச் சொன்னேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடச் சொன்னேன். பெயின்டில் கேள்விக்குறியா என்று தம்பி சிரித்தான், ஆனால் போட்டான். வாங்கிய ஆண்டு 1988 என்பது என் நினைவு மட்டுமே. இதை எழுதும் இன்றுவரை அது உறுதிப்படவில்லை.